சிவாஜி நகர் சந்துக்குள் ஒரு பெயருக்கு இடம் பிடிப்பது எப்படி

வரைபடத்தில் கடைப் பெயர் எழுதுவதைப் பற்றி ஒரு கணக்கில் தொடங்கலாம். பெங்களூரு சிவாஜி நகரில், ரசல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில், முகப்பு நாலு மீட்டர் இருந்தாலே அது நல்ல கடை. வழக்கமான 256 பிக்சல் டைல் (இணைய வரைபடத்தை அடுக்கும் சதுரப் படத்துண்டு) கணக்கில், ஜூம் 18இல் (எண் கூடக் கூட வரைபடம் பெரிதாகும்), பெங்களூரு இருக்கும் அட்சரேகையில் ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறக்குறைய 0.58 மீட்டர். அதாவது அந்தக் கடை திரையில் ஏழு பிக்சல். அதன் பெயரை 12 பிக்சல் எழுத்தில் எழுதினால் சுமாராக 90 பிக்சல் நீளும், தரையில் அது 52 மீட்டர், பதின்மூன்று கடைகளின் முகப்பு. ஆக, ஒரு பெயர் எழுதும்போதே பன்னிரண்டு பேரின் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். நெரிசலான வரைபடத்தில் லேபிள் வைக்கும் வேலை முழுக்க இந்த ஒரு நெருக்கடியைச் சுற்றித்தான் நடக்கிறது. எந்த அல்காரிதமும் இல்லாத இடத்தை உண்டாக்கித் தராது, யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று நாம் எடுத்த முடிவை அது ஒழுங்காக நிறைவேற்றும், அவ்வளவுதான். அதனால் முதலில் அந்த முடிவை எடுங்கள், அல்காரிதம் அப்புறம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அண்ணன் நடத்தும் சின்ன டெலிவரி வேலைக்காக ஒரு வரைபடம் செய்தபோது. பையன்களில் பாதிப் பேர் தமிழ் படிப்பவர்கள், அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், அதனால் பெயர்கள் தமிழில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். முதல் பதிப்பில் எவ்வளவு பெயர் கொள்ளுமோ அவ்வளவையும் திணித்திருந்தேன். ஒரு பையன் ரசல் மார்க்கெட் பின்புறம் நின்றுகொண்டு போன் செய்தான்: “அண்ணா, பேரு ஏகப்பட்டது இருக்கு, ஆனா நான் நிக்கிற இடம் எதுன்னு தெரியல.” திரையில் பார்த்தால் மொபைல் ரீசார்ஜ் கடைகள் ஏழெட்டு தெரிகின்றன, மார்க்கெட்டின் பெயர் இல்லை, பக்கத்திலிருக்கும் செயின்ட் மேரிஸ் பசிலிக்காவின் பெயரும் இல்லை. கடைப் பெயர்கள் முதலில் வந்து இடம் பிடித்துவிட்டன, பெரியவை வெளியே நின்றுவிட்டன.

முதல் வேலை: யாரை விடுவது

ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் கொடுங்கள். மக்கள்தொகையோ கட்டடத்தின் பரப்போ இதற்குப் பெரிதாக உதவாது. அந்த ஏரியாவில் வழி சொல்லும்போது ஜனங்கள் வாயில் எது முதலில் வருகிறதோ அதற்குத்தான் பெரிய இடம். “பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல”, “சர்ச்சுக்குப் பின்னாடி”, அல்சூர் ஏரிக்கரை என்றால் “வள்ளுவர் சிலைகிட்ட” (2009இல் திறந்த சிலை, இன்று அந்தப் பக்கம் வழி சொல்ல அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது). இரண்டு நாள் ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் நின்று காது கொடுத்தால் போதும், முன்னுரிமைப் பட்டியல் தானாக வந்துவிடும். மெட்ரோ ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், கோயில், சர்ச், மசூதி, ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு பெரிய தெரு, அதற்குப் பிறகே கடை. ஒரே வகைக்குள்ளும் வித்தியாசம் வைக்க வேண்டும், எல்லாக் கடைக்கும் ஒரே எண் கொடுத்தால் தரவில் எது முன்னால் வந்ததோ அது ஜெயிக்கும், நாளைக்குத் தரவைப் புதுப்பித்தால் வேறு கடை ஜெயிக்கும்.

மேப்லிப்ரே (இணைய வரைபடம் வரையும் இலவச நிரலகம்) பயன்படுத்துபவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அதில் சிம்பல்-சார்ட்-கீ என்ற வரிசை அமைப்பு சின்ன எண்ணை முதலில் வைக்கும். முக்கியத்துவத்தை 1 முதல் 100 வரை கொடுத்து அதை அப்படியே உள்ளே போட்டால் முக்கியமில்லாதவை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், எனவே மைனஸ் போட்டுக் கொடுங்கள். அதோடு, வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக வரையப்படும் லேயரின் (ஸ்டைல் கோப்பில் அது கடைசியில் வரும் அடுக்கு) பெயர்களுக்குத்தான் முதலில் இடம் கிடைக்கும். என் முதல் பதிப்பில் கடை லேயர் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, மார்க்கெட் காணாமல் போனது அதனால்தான். இன்னொன்று, மேப்லிப்ரே 512 பிக்சல் டைல் கணக்கில் ஓடுவதால் மேலே சொன்ன ஜூம் 18 அங்கே 17. இந்த ஒன்றின் வித்தியாசத்தில் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியைச் சரியாக அளப்பது

மோதல் பார்ப்பதற்கு ஒவ்வொரு பெயரையும் ஒரு செவ்வகப் பெட்டியாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பெட்டியின் அளவு தப்பாக இருந்தால் பிறகு என்ன செய்தாலும் தப்புதான், தமிழில் இது சுலபமாகத் தப்பும். எழுத்து எண்ணிக்கையை ஒரு சராசரி அகலத்தால் பெருக்கும் பழக்கம் பல நிரல்களில் இருக்கிறது. ‘கோரமங்களா’வை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆறு எழுத்து, கணினிக்கு ஒன்பது குறியீடு. புள்ளிக்குத் தனி அகலம் கிடையாது, ஆனால் கணக்கில் அது ஓர் எழுத்தாக வந்துவிடும். இன்னொரு பக்கம் ‘ண’வும் ‘ர’வும் ஒரே அகலம் இல்லை. ஆகவே ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். பிரவுசரில் படம் வரையும் கேன்வாஸின் மெஷர்டெக்ஸ்ட் என்ற கட்டளை போதும். அகலத்தை மட்டும் எடுக்காமல் மேலே எவ்வளவு ஏறுகிறது, கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதையும் எடுங்கள், ஏனென்றால் ‘க்’ மேலே போகும், ‘கூ’ கீழே இறங்கும். எழுத்துரு முழுதாக டவுன்லோட் ஆன பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு எழுத்துருவின் அளவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பெங்களூருவில் கடைப் பலகை கன்னடத்தில் இருக்கும், பையன் திரையையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பான் என்பதால் நாங்கள் உள் ஜூம்களில் கன்னடப் பெயரை இரண்டாவது வரியாகச் சேர்த்தோம். கன்னடத்தில் ஒத்தெழுத்துகள் வரிக்குக் கீழே தொங்கும், அதற்கும் சேர்த்து உயரம் விடுங்கள். அளந்த பெட்டியைச் சுற்றி இரண்டு பிக்சல் இடைவெளி சேர்ப்பது குறைந்தபட்சம், நான் தமிழுக்கு நாலு வைக்கிறேன். பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தாலும் மிக அருகில் இருந்தால் கண் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராகப் படித்துவிடும்.

வரிக்கு வரி உடைக்கும்போது ஓர் எழுத்துக்கு நடுவே உடைக்காதீர்கள், ‘ம’ ஒரு வரியிலும் புள்ளி அடுத்த வரியிலும் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் உடையுங்கள்.

அப்புறம் முக்கியமான சோதனை ஒன்று. மேப்லிப்ரே போன்ற வெப்ஜிஎல் (பிரவுசரில் கிராஃபிக்ஸ் சிப் கொண்டு வரையும் முறை) வரைபடங்கள் எழுத்துகளைக் குறியீடு குறியீடாக எடுத்து அடுக்கும் பாணியில் உருவானவை. நமக்கோ ‘கொ’வில் கொம்பு முன்னால் வர வேண்டும், ‘கு’ ஒரே வடிவமாக இணைய வேண்டும், அந்தக் கோர்வை வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற ஓர் எஞ்சின் தேவை. உங்கள் கையிலிருக்கும் பதிப்பில் ‘கொடிகேஹள்ளி’ என்று எழுதிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி வந்தால் பெயரைக் கேன்வாஸில் வரைந்து படமாக்கி, அந்தப் படத்தை ஐகானாகக் கொடுத்துவிடுங்கள். கையில் இல்லாத படத்தை வரைபடம் கேட்கும்போது வரும் ஸ்டைல் இமேஜ் மிஸ்ஸிங் என்ற நிகழ்வைப் பிடித்தால் தேவைப்படும் பெயரை மட்டும் அந்த நேரத்தில் வரைந்து கொடுக்கலாம். தெரு வளைவோடு வளைந்து போகும் பெயருக்கு இந்த வழி ஆகாது, புள்ளிப் பெயர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

எட்டு இடம், ஒரு கட்டம்

ஒரு புள்ளியைச் சுற்றிப் பெயர் உட்காரக்கூடிய இடங்கள் வழக்கமாக எட்டு: வலது, இடது, மேல், கீழ், நாலு மூலை. எது முதலில், எது கடைசியில் என்பதில் சுவிஸ் வரைபடக்காரர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962இல் எழுதிய விதிகளைத்தான் இன்றும் எல்லோரும் சுற்றி வருகிறார்கள், அவற்றைக் கணினிக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தியவர் பின்ஹாஸ் யோயிலி, 1972. லத்தீன் எழுத்துக்கு வலது மேல் மூலைதான் முதல் இடம், அந்த எழுத்துகளில் மேலே நீள்பவை கீழே நீள்பவற்றைவிட அதிகம் என்பது ஒரு காரணம். தமிழுக்கு நான் நேர் வலத்தை முதலில் வைக்கிறேன், அடுத்து வலது மேல், அடுத்து நேர் இடது, கடைசியில் நேர் கீழ். நம் எழுத்து மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு நீள்வதால் புள்ளியும் பெயரும் ஒரே மட்டத்தில் இருந்தால் எது எதனுடையது என்பதில் சந்தேகம் வருவதில்லை.

கடை ஆயிரம் இரண்டாயிரம் என்று போகும்போது எல்லாப் பெட்டியையும் எல்லாப் பெட்டியோடும் ஒப்பிட வேண்டாம். 2000 புள்ளி, ஆளுக்கு எட்டு இடம், மொத்தம் 16,000 பெட்டி, ஜோடி பார்த்தால் 12.8 கோடி. திரையை 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியும் எந்தெந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டால், மோதல் பார்ப்பது அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் நாலைந்து பேரோடு முடிந்துவிடும். ஆர்-ட்ரீயும் (பெட்டிகளை மரம்போல் அடுக்கித் தேடும் முறை) நல்லது, ஆனால் திரை அளவுக்குள் நடக்கும் வேலைக்குக் கட்டமே போதும், எழுதவும் சுலபம். புள்ளிகளையும் ஐகான்களையும் கூட அதே கட்டத்தில் போட்டுவைக்க மறக்காதீர்கள், பெயர் பெயரோடு மோதாமல் பக்கத்துக் கடையின் புள்ளியை மூடிக்கொண்டு நிற்பது அதைவிட மோசம்.

கிரீடியும் அது விட்டுவிடும் டெய்லர் கடையும்

எல்லோரும் தொடங்குவது கிரீடி முறையில். முன்னுரிமைப்படி வரிசையாக எடு, எட்டு இடத்தில் காலியாக இருக்கும் முதல் இடத்தில் வை, எதுவும் காலி இல்லையென்றால் பெயரை விடு, அடுத்தவருக்குப் போ. வேகமானது, ஒவ்வொரு முறையும் ஒரே விடை தரும். போனில் ஓடும் பெரும்பாலான வரைபடங்கள் அடிப்படையில் இப்படித்தான் செய்கின்றன.

அது எங்கே தவறும் என்று கிட்டத்தில் பார்ப்போம். ஒரே தெருவில் மூன்று கடை, ஒரே மட்டம். பூக்கடை 0 பிக்சலில், டெய்லர் கடை 100இல், டீக்கடை 150இல். மூன்றின் பெயரும் 90 பிக்சல் அகலம். பெயர் உட்கார இரண்டு பக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம், வலது அல்லது இடது. கிரீடி பூக்கடையை வலத்தில் வைக்கும், 0 முதல் 90 வரை போய்விட்டது. டெய்லர் வலம் போனால் 100 முதல் 190 வரை, டீக்கடையின் புள்ளியை மூடும். இடது பக்கம் போனால் 10 முதல் 100 வரை, பூக்கடையின் பெயரோடு மோதும். ஆகவே டெய்லர் வெளியே. டீக்கடை வலத்தில் உட்காரும். மூன்றில் இரண்டு. பூக்கடை மட்டும் இடது பக்கம் ஒதுங்கியிருந்தால் டெய்லர் இடது பக்கமும் டீக்கடை வலது பக்கமும் வந்து மூன்று பேருமே உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வந்தவர் கொஞ்சம் தள்ளி உட்காராததால் நடுவில் இருப்பவருக்கு இடமில்லாமல் போகிறது.

இதற்கு மலிவான மருந்து ஒன்று: ஒரே முன்னுரிமை உள்ளவர்களில், காலி இடம் குறைவாக இருப்பவரை முதலில் எடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் டெய்லருக்கு ஒரே ஓர் இடம்தான் சாத்தியம், அவரை முதலில் உட்காரவைத்தால் பூக்கடை தானாக இடது பக்கம் போய்விடும். இந்த ஒரு மாற்றத்துக்கே பலன் கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு மேல் போக விரும்பினால், ஆளுக்கு இரண்டு இடம் மட்டும் என்றால் எல்லோருக்கும் இடம் கிடைக்குமா என்பதற்கு வேகமாக விடை சொல்லிவிடலாம், அது 2-சாட் என்ற கணக்கு. நாலு இடம் என்று ஆனவுடன் அது என்பி-கடினம் (வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை) ஆகிவிடுகிறது, 1991லேயே நிரூபித்துவிட்டார்கள். அதனால் மிகச் சிறந்த விடைக்காகக் காத்திருக்காமல் நல்ல விடையைத் தேடுகிறோம். 1995இல் கிறிஸ்டென்சன், மார்க்ஸ், ஷீபர் மூவரும் அன்றைக்கு இருந்த முறைகளை ஒன்றோடொன்று ஓடவிட்டு ஒப்பிட்டார்கள், சிமுலேட்டட் அன்னீலிங் முன்னால் வந்தது, எழுதுவதற்கும் அதுவே சுலபமானவற்றில் ஒன்று.

செய்முறை இதுதான். எல்லாப் பெயரையும் எங்காவது ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள், மோதினாலும் பரவாயில்லை. ஒரு செலவுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மோதும் ஒவ்வொரு பெயருக்கும் ஒன்று, விட்டுவிட்ட பெயருக்கு அதன் முன்னுரிமைக்கு ஏற்ற அபராதம், பிடிக்காத இடத்தில் உட்கார்ந்திருந்தால் சிறு பின்னம். பிறகு சும்மா ஏதோ ஒரு பெயரை எடுத்து வேறோர் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். செலவு குறைந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கூடினாலும் சில சமயம் ஏற்றுக்கொள்ளுங்கள், அந்தச் சில சமயம் எவ்வளவு என்பதை வெப்பநிலை என்ற எண் தீர்மானிக்கும். தொடக்கத்தில் செலவு ஒன்று கூடும் மாற்றத்தை மூன்றுக்கு இரண்டு முறை ஏற்கும்படி வைப்பார்கள், வெப்பநிலை 2.5 அருகில் வரும். ஒவ்வொரு சுற்றிலும் பெயர் எண்ணிக்கையைப் போல இருபது மடங்கு முயற்சி, பிறகு வெப்பநிலையில் பத்து சதவீதம் குறைப்பு, ஐம்பது சுற்றுக்குள் முடித்துவிடலாம். பூக்கடை இடது பக்கம் ஒதுங்குவது இந்த ‘கூடினாலும் ஏற்றுக்கொள்’ என்ற விதியால்தான் நடக்கிறது, ஒதுங்கும் அந்த நொடியில் அதற்கு நஷ்டம், பின்னால் டெய்லர் வந்து உட்காரும்போது மொத்தத்தில் லாபம். செலவை ஒவ்வொரு முறையும் முழுதாகக் கூட்டாதீர்கள், நகர்ந்த பெயரின் கட்டத்தில் இருப்பவர்களை மட்டும் பார்த்து வித்தியாசத்தை எடுங்கள், இல்லாவிட்டால் காலையில் ஓடவிட்டது சாயங்காலம்தான் முடியும்.

அன்னீலிங்கை அச்சடிக்கும் வரைபடத்துக்கும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் டைலுக்கும் வையுங்கள். விரலால் இழுக்கும்போது ஓடவிட்டால் ஒவ்வோர் இழுப்புக்கும் பெயர்கள் இடம் மாறிக் குதிக்கும், பைக்கை நிறுத்திவிட்டு ஒரு கையால் போனைப் பிடித்திருப்பவனுக்கு அதைவிடத் தொல்லை கிடையாது. பெரிதாக்கும்போது தெரிந்த பெயர் காணாமல் போகக் கூடாது, இழுக்கும்போது பெயர் தாவக் கூடாது, பீன், டெய்ச்சஸ், யாப் மூவரும் 2006இல் வலியுறுத்தியவை இவை. நாங்கள் செய்தது: ஒவ்வொரு பெயரும் எந்த ஜூமிலிருந்து தெரியத் தொடங்கும் என்பதை முன்னரே கணக்கிட்டு தரவோடு எழுதி வைத்தோம். அந்த ஜூமுக்கு உள்ளே போகப் போக அது இருந்துகொண்டே இருக்கும், போனில் நேரலையாக ஓடுவது வெறும் கிரீடி.

மெயினும் கிராஸும்

பெங்களூருக்கே உரிய தலைவலி தெருப் பெயர்கள். ஜெயநகரிலும் 5வது கிராஸ் (மெயின் ரோட்டுக்குக் குறுக்கே போகும் தெரு), இந்திராநகரிலும் 5வது கிராஸ், எல்லா லேஅவுட்டிலும் 5வது கிராஸ். மக்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஒரு சாலை ஒரே கோடாக இருக்காது, பாலம் வந்தால், லேன் மாறினால், ஒருவழியானால் துண்டாகும். அப்படியே லேபிள் போட்டால் ஒரே மெயின் ரோட்டின் பெயர் துண்டுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும், சில துண்டு பெயருக்கு நீளம் போதாமல் பெயரே வராது. முதலில் ஒரே பெயருள்ள, முனை தொடும் துண்டுகளை ஒட்டுங்கள். பிறகு நேரான நீளமான பகுதியைத் தேடிப் பெயரை அங்கே வையுங்கள், 45 டிகிரிக்கு மேல் திரும்பும் இடத்தைத் தவிருங்கள். நாங்கள் தமிழுக்கு 25க்கு மேல் அனுமதிப்பதில்லை, வளைவில் எழுத்துகள் விலகினால் துணைக்கால் தனியாகப் பிரிந்து நின்று ‘ர’ போலத் தெரிகிறது.

கிராஸ் தெருக்கள் சில 60 மீட்டர்தான் இருக்கும். 256 பிக்சல் டைல் கணக்கின் ஜூம் 17இல் அது ஐம்பது பிக்சல் சொச்சம், ‘5வது கிராஸ்’ அதில் கொள்ளாது. அந்த ஜூமில் வெறும் ‘5’ என்று எழுதிவிட்டு, அடுத்த ஜூமில் முழுப் பெயரையும் எழுதுங்கள். வரிசையாக 3, 4, 5, 6 என்று வரும்போது பெங்களூரில் வளர்ந்த யாருக்கும் அது கிராஸ் எண் என்று புரியும்.

பரப்புகளுக்கு ஒரு வார்த்தை. அல்சூர் ஏரிக்குள் தீவுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட வடிவத்தின் நிறைமையம் தீவின் மேலேயே விழலாம், வளைந்த ஏரியென்றால் கரைக்கு வெளியேயும் விழலாம். கரையிலிருந்து மிகத் தொலைவான உட்புள்ளியைத் தேடும் பாலிலேபிள் என்ற நிரல் இதற்காகவே இருக்கிறது, தீவுகளை ஓட்டைகளாகக் கொடுத்தால் அவற்றையும் தவிர்த்துவிடும்.

சோதிக்கும் விதம்

நிரல் ஓடி முடிந்ததும் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால், இடம் கிடைக்காமல் விடுபட்ட பெயர்களின் பட்டியலைப் பாருங்கள். வரைபட மென்பொருளான கியூஜிஸில் இடம் கிடைக்காத லேபிள்களைக் காட்டும் வசதி இருக்கிறது, சொந்த நிரலென்றால் ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள், பெயர், முன்னுரிமை, எது மறித்தது என்று மூன்றும். நான் ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அந்த ஏரியாப் பையனோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். சிவாஜி நகர் பட்டியலில் நான் வாசித்துக்கொண்டே போக, “அது போட்டும், இது போட்டும்” என்று சொல்லிக்கொண்டு வந்தவன் ஒரு பெயரில் நிறுத்தினான், சின்ன தர்கா ஒன்று. “அண்ணா, அது இல்லன்னா அந்த மூணு சந்துக்கும் யாராலயும் வழி சொல்ல முடியாது.” என் பட்டியலில் அதற்குக் கடைக்குரிய எண் இருந்தது. அதை மாற்றினேன், பக்கத்திலிருந்த இரண்டு கடைப் பெயர் வெளியே போனது, செப்டம்பரில் பசிலிக்கா திருவிழாக் கூட்டத்தில் தெருவெல்லாம் அடைபட்டபோது பையன்கள் அந்தத் தர்கா வழியாகத்தான் சுற்றி வந்தார்கள்.